ரத்தம் ஏறுகிறது, உயரம் ஏன் ஏறவில்லை?

காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா மூன்று வாரத்துக்கு ஒருமுறை எங்கள் லேபுக்கு வருவார். மகனுக்கு தலசீமியா. மறுநாள் ரத்தம் ஏற்றப் போவதற்கு முன் ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கையில் எண்பது பக்க நோட்டு ஒன்று இருக்கும். தேதி, ஏற்றுவதற்கு முன் எத்தனை பாயின்ட், எத்தனை யூனிட் ஏற்றினார்கள் என்று கோடு போட்டு எழுதி வைத்திருப்பார். ஒன்பதரைக்குக் கீழே போனதே இல்லை என்று பெருமையாகக் காட்டுவார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வருவது லேசுப்பட்ட காரியமில்லை.

ஒருநாள் பேச்சுவாக்கில், "இவனுக்கு செருப்பு செலவே கெடையாதுக்கா, மூணு வருசமா ஒரே சைஸ்தான்" என்றார். பையனுக்கு அப்போது பதினாலு முடிந்திருந்தது.

ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தேன். மீசை அரும்பவில்லை. குரல் உடையவில்லை. ஆறாம் வகுப்புப் பையன் மாதிரி இருந்தான். ஆனால் நோட்டில் அன்றைய கணக்கு ஒன்பதே முக்கால்.

நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலுமாகப் பதினோரு வருடம் ரத்தம் எடுத்திருக்கிறேன். அந்த நோட்டில் கோடு போடாமல் விட்டுப்போன விஷயங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஹார்மோன், வைட்டமின் என்றதும் பணக்காரர்கள் எடுக்கும் டெஸ்ட் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அது அப்படி இல்லை.

முதலில் நோய் என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஹீமோகுளோபின் என்பது ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு என நான்கு இழைகள் சேர்ந்த புரதம். பீட்டா இழையை உண்டாக்கும் மரபணு அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக வருகிறது. ஒன்று மட்டும் பழுதாக இருந்தால் அது தலசீமியா மைனர். அவர்களுக்குக் கொஞ்சம் ரத்தம் குறைவாகக் காட்டும், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் தொல்லைகள் அவர்களுக்கு வருவதில்லை. இரண்டும் பழுதென்றால் மேஜர். குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டும்போது முகம் வெளுக்கத் தொடங்கும். அதிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் மைனர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நூற்றுக்கு 25 வாய்ப்பு குழந்தை மேஜராகப் பிறக்க. தலசா என்றால் கிரேக்க மொழியில் கடல். மத்தியதரைக் கடலோரத்துப் பிள்ளைகளிடம் அதிகம் கண்டதால் அந்தப் பெயர். நம் கடலோரத்திலும் அது இருக்கிறது.

சரி, ரத்தம் ஏற்றினால் ஹார்மோனுக்கு என்ன வந்தது? இதற்குக் கொஞ்சம் கணக்கு போட வேண்டும்.

ஒரு யூனிட் ரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் உடம்புக்கு இரும்பை உள்ளே எடுக்கத் தெரியும், வெளியே தள்ளத் தெரியாது. தோல் உதிர்வது, குடலின் உள்தோல் உதிர்வது என்று நாளைக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் தானாகப் போகும். அதாவது ஒரு யூனிட்டில் வந்த இரும்பு கழிய 200 நாள் ஆகும். ஆனால் 21-வது நாளே அடுத்த பை தொங்குகிறது. ஒரு பையனுக்கு மூன்று வாரத்துக்கு இரண்டு யூனிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட 7 கிராம் இரும்பு உள்ளே போகிறது. நன்றாக வளர்ந்த ஓர் ஆளின் உடம்பு முழுக்க இருக்கும் மொத்த இரும்பே 4 கிராம்தான்.

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ கடலைப் பார்த்த வீட்டில் இருப்பவர்களுக்கு இரும்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் கம்பிக்கு எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் உப்புக்காற்று பட்டுத் துரு ஏறி, தொட்டால் உதிரும். உடம்புக்குள் கட்டுக்கடங்காமல் சேரும் இரும்பும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது. ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்ல ஒரு புரதம் உண்டு. அது தாங்கும் அளவு நிரம்பிய பிறகு, மிச்ச இரும்பு தனியாக அலைய ஆரம்பிக்கிறது. கல்லீரல், இதயம், கணையம், சுரப்பிகள் என்று கிடைத்த இடத்தில் புகுந்து, அங்குள்ள செல்களை அரிக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. வலிக்காது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பக்கம் யாருக்கு ரத்தம் குறைந்தாலும் முதலில் சொல்வது சுவரொட்டி. ஆட்டு சுவரொட்டியை மிளகு போட்டு வறுத்துக் கொடு, ரத்தம் ஊறும் என்பார்கள். அப்புறம் ஈரல், பேரீச்சை, டானிக். சாதாரண ரத்தசோகைக்கு அது சரி. தலசீமியா மேஜர் பிள்ளைக்கு ரத்தம் குறைவது இரும்பு இல்லாததால் அல்ல, ஏற்கெனவே இரும்பு மலையாகக் குவிந்திருக்கிறது. அதன் மேல் சுவரொட்டியும் டானிக்கும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் இந்தப் பிள்ளைக்கு வேண்டாம் என்று டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அதற்காக முருங்கைக்கீரையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஒரு பை ரத்தத்தோடு ஒப்பிட்டால் கீரையில் வருவது தூசு. இரும்பு வரும் என்று பயந்து பிள்ளையை அரைப்பட்டினி போடுவதைப் பார்த்திருக்கிறேன், அது இன்னும் கெடுதல்.

குவிந்த இரும்பை வெளியேற்ற மருந்து உண்டு. மாத்திரையாக டெஃபராசிராக்ஸ், டெஃபெரிப்ரோன்; தோலுக்கடியில் மணிக்கணக்கில் ஏற்றும் டெஸ்ஃபெரால். வீடுகளில் இதையும் 'இரும்பு மாத்திரை' என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. இது இரும்பை எடுக்கிற மாத்திரை, இரும்பைக் கொடுக்கிற மாத்திரை இல்லை. எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்பதை ஃபெரிட்டின் டெஸ்ட் ஓரளவு காட்டும். 1000 ஒட்டி வைத்திருக்கப் பார்ப்பார்கள். தொடர்ந்து 2500-க்கு மேல் இருந்தால் இதயத்துக்கு ஆபத்து. காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே கூடிக் காட்டும், அதனால் காய்ச்சலோடு எடுத்த ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பதறக்கூடாது.

இப்போது அந்தப் பையனின் செருப்புக்கு வருவோம்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி தொங்குகிறது. பிட்யூட்டரி என்று பெயர். கட்டட வேலையில் மேஸ்திரி எப்படியோ அப்படி. தைராய்டு, விதைப்பை, சினைப்பை எல்லாம் கொத்தனார், சித்தாள் மாதிரி. மேஸ்திரி குரல் கொடுத்தால்தான் அவர்கள் கரண்டியைக் கையில் எடுப்பார்கள். இரும்பு அரிப்பதில் இந்த மேஸ்திரி சீக்கிரமே பாதிக்கப்படுகிறார். பருவமடையும் வயது வந்தும் உடம்புக்கு உத்தரவு வருவதில்லை. கொத்தனார் தயார், செங்கல் தயார், சொல்ல ஆள் இல்லை. தலசீமியாவில் வரும் ஹார்மோன் கோளாறுகளில் அதிகம் காணப்படுவது இதுதான். பெண் பிள்ளைக்கு 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, ஆண் பிள்ளைக்கு 14 ஆகியும் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றால் அதைப் பருவம் தள்ளிப்போவதாகக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்பவை மேஸ்திரியின் குரல். டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் என்பவை கொத்தனார் செய்த வேலை. இரண்டும் குறைவென்றால் கோளாறு மேலே இருக்கிறது என்று டாக்டருக்குப் புரிந்துவிடும்.

இதைக் கேட்டு வீட்டில் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். 'கல்யாணம் ஆகுமா, குழந்தை பிறக்குமா' என்பதுதான் அடுத்த கேள்வி. கொத்தனார்கள் நல்லபடியாக இருந்தால், மேஸ்திரிக்குப் பதிலாக வெளியிலிருந்து மருந்தால் குரல் கொடுக்க முடியும். பருவமடைய வைக்கவும் மருந்து இருக்கிறது, பிறகு குழந்தை பெறவும் சிகிச்சை இருக்கிறது. தலசீமியா மேஜர் உள்ள பெண்கள் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் வழி அதிகம். எலும்பின் வளரும் நுனி மூடிக்கொண்ட பிறகு உயரத்துக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு 'போகப் போகச் சரியாகிடும்' என்று இரண்டு வருடத்தை ஓட்டிவிடுகிறோம். எனக்கு மனசு கனப்பது அந்த இரண்டு வருடத்தை நினைத்துத்தான்.

தைராய்டை வேகமாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலும் இங்கே சுரப்பியே பாதிக்கப்படும். தைராய்டுக்கு மேஸ்திரி கொடுக்கும் குரலான டிஎஸ்ஹெச் மெல்ல ஏறும், வெளியே ஒன்றும் தெரியாது. வருடத்துக்கு ஒரு டெஸ்ட், தேவைப்பட்டால் காலையில் ஒரு மாத்திரை.

கணையத்தில் இரும்பு புகுவதால் வரும் சர்க்கரை நோய் அப்படி இல்லை. இதில் நான் நேரில் பார்த்த ஒரு தவறு உண்டு. முன்பு வேலை பார்த்த ஒரு லேபில், பதினாறு வயது தலசீமியாப் பெண்ணுக்கு மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட், அதாவது ஹெச்பிஏ1சி, எடுத்தோம். நார்மல் என்று வந்தது. வீட்டில் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து ஓயாத தாகம், இரவெல்லாம் சிறுநீர் என்று அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மெஷின் சரியாகத்தான் இருந்தது. எடுத்த டெஸ்ட்தான் தவறு. சிவப்பணுவின் மேல் மூன்று மாதமாகச் சர்க்கரை எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. இந்தப் பெண்ணின் உடம்பில் ஓடும் சிவப்பணு பெரும்பாலும் யாரோ தானம் செய்தது, சில வாரம் முன்புதான் உள்ளே வந்தது. அது இந்தப் பெண்ணின் மூன்று மாதக் கதையை எப்படிச் சொல்லும்? ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு வெறும் வயிற்றில் ஒன்று, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று பார்ப்பதே சரி. பத்து வயதிலிருந்து ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அன்று நான் யாரையும் கேட்காமல் டியூபில் லேபிள் ஒட்டினேன். இப்போது சீட்டில் அந்த டெஸ்ட் இருந்தால், 'ரத்தம் ஏற்றுகிற பிள்ளையா' என்று கேட்காமல் ஊசியைத் தொடுவதில்லை.

தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பது அவற்றின் வேலை. பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல் இவை பழுதாகலாம். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும், கை விரல்கள் குவிந்து இழுத்துக்கொள்ளும். பலவீனம் என்றோ வலிப்பு என்றோ நினைத்துவிடுவார்கள். கால்சியம், பாஸ்பரஸ் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இங்கிருந்து வைட்டமின் டி-க்குப் போகலாம், ஏனென்றால் இரண்டும் கூட்டாளிகள்.

வைட்டமின் டி நேராக வேலை செய்வதில்லை. நெல், அரிசி, சோறு என்று மூன்று நிலை இருப்பதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டு தோலில் உண்டாவது நெல். கல்லீரல் அதை அரிசியாக்குகிறது. சிறுநீரகம் சோறாக வடிக்கிறது. சோறுதான் குடலுக்குப் போய்க் கால்சியத்தை உறிஞ்ச வைக்கும். லேபில் நாங்கள் அளப்பது அரிசி இருப்பை. மில்லிக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் பற்றாக்குறை. தலசீமியாப் பிள்ளைகளுக்கு எடுக்கும்போது ஒற்றை எண்ணில் வருவது எனக்குப் பழகிப்போன காட்சி. மூன்று இடத்திலும் அவர்களுக்கு இடைஞ்சல் இருக்கிறது. மயக்கம் போட்டுவிடும் என்று பிள்ளையை வெயிலிலேயே விடுவதில்லை. எதிர்வீட்டுச் சுவர் கைக்கெட்டும் சந்துகளில் வெயிலே உள்ளே வருவதில்லை. இரும்பு சேர்ந்த கல்லீரல் ஒழுங்காக அரிசி ஆக்குவதில்லை. சோறு வடிக்கும் அடுப்பை மூட்டுவது பாராதைராய்டு ஹார்மோன்; அது இல்லையென்றால் அரிசி மூட்டை மூட்டையாக இருந்தும் பயனில்லை. அதனால்தான் அந்தக் கோளாறு உள்ளவர்களுக்குச் சோறாகவே இருக்கும் கால்சிட்ரியால் என்ற மாத்திரையை டாக்டர் எழுதுகிறார்.

வைட்டமின் டி குறைந்தால் எலும்பு தேயும், தசை சோரும். தலசீமியாவில் எலும்புக்கு ஏற்கெனவே கஷ்டம். உள்ளே மஜ்ஜை பெருகி எலும்பை மெல்லியதாக்குகிறது, பருவ ஹார்மோன் இல்லாததும் சேர்ந்துகொள்கிறது. டி குறைந்தவர்களின் இதயமும் பலவீனமாகலாம் என்று ஆய்வுகளில் தெரிகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் 60,000 யூனிட் பாக்கெட் எல்லாருக்கும் தெரியும். வாரம் ஒன்று என்று எத்தனை வாரம் என டாக்டர் சொல்லியிருப்பார். அதையே மாதக்கணக்கில் தானாக வாங்கிக் குடித்தால் கால்சியம் எகிறி, சிறுநீரகத்தில் கல் வரும். சாப்பாட்டில் மத்தி மீன், முட்டை மஞ்சள் கரு, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, கேழ்வரகுக் கூழ் எல்லாம் நல்லது. ஆனால் குறைந்துபோன டி-யை மீன் மட்டும் சாப்பிட்டு ஏற்றிவிட முடியாது.

வைட்டமின் சி விஷயம்தான் எல்லாரையும் ஏமாற்றும். இரும்பு கூடிய உடம்பில் சி சீக்கிரம் அழிந்துபோகிறது, டெஸ்ட் எடுத்தால் குறைவாகத்தான் இருக்கும். குறைவென்றால் கொடுக்க வேண்டியதுதானே? இல்லை. சி உணவிலிருக்கும் இரும்பைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கும். அதோடு உறுப்புகளில் முடங்கிக் கிடக்கும் இரும்பைக் கிளப்பி ரத்தத்தில் விடும். அந்த நேரம் அதைப் பிடித்து வெளியேற்ற மருந்து உள்ளே இல்லையென்றால், கிளம்பிய இரும்பு இதயத்தில் போய் உட்காரும். அதனால் டெஸ்ஃபெரால் ஏற்றும் பிள்ளைகளுக்கு மட்டும், மருந்து ஏறும் நாளில், சிறிய அளவில் டாக்டர் கொடுப்பார். ஒரு நெல்லிக்காய் தின்றால் ஒன்றும் ஆகாது. கடையில் சப்பிச் சாப்பிடத் தரும் ஆரஞ்சு நிற 500 மில்லிகிராம் மாத்திரையைச் சத்துக்கென்று தினம் கொடுப்பதுதான் ஆபத்து.

ஃபோலிக் அமிலம் இன்னொரு மாதிரி. ரத்தம் அடிக்கடி ஏற்றாத தலசீமியா இன்டர்மீடியாவில் மஜ்ஜை ஓயாமல் உழைப்பதால் ஃபோலேட் தீர்ந்துபோகும், மாத்திரை தேவைப்படும். ஒழுங்காக ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு அந்த அளவு தேவை இருப்பதில்லை. இன்டர்மீடியாக்காரர்களுக்குக் குடல் இரும்பை அளவுக்கு மீறி உறிஞ்சுவதால், சாப்பாட்டோடு டீ குடிப்பது அவர்களுக்கு நல்லதே. துத்தநாகமும் குறையும், இரும்பைப் பிடிக்கிற மருந்து அதையும் சிறுநீரோடு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. உயரத்துக்கும் பசிக்கும் அது வேண்டும்.

தலசீமியா போலப் பரம்பரையாக வரும் இன்னொரு ரத்த நோய் சிக்கிள் செல்; இதில் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துவிடும். இதை நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-இலேயே கண்டு எழுதியிருக்கிறார்கள். நம் பக்கம் மணலி, எண்ணூரில் வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, சத்தீஸ்கர் குடும்பங்களிலும் அது இருக்கலாம். அவர்களுக்கும் டி, துத்தநாகம், ஃபோலேட் குறையும். பருவமடைவது ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போகும், பெரும்பாலும் தானாக வந்துவிடும். டி குறைவால் வரும் எலும்பு வலியை நோயின் வலி என்றே எண்ணிவிடும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியாப் பிள்ளைகள் அடிபடும் என்ற பயத்தில் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் எலும்பு பலவீனமாகும். டி தேவைப்பட்டால் வாய்வழியாகத்தான், தசையில் ஊசி போடக்கூடாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியா, சிக்கிள் செல், ஹீமோஃபிலியா மூன்றும் இருக்கின்றன, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம்.

லேபுக்கு வருபவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது இது. ரத்தம் ஏற்றிய பிறகு வராதீர்கள், ஏற்றுவதற்கு முன் வாருங்கள். காலை எட்டு மணிக்குள் வெறும் வயிற்றில் வந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, டெஸ்டோஸ்டிரோன், அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசோல் எல்லாவற்றுக்கும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடலாம். பிள்ளைக்குப் பத்து வயது ஆகிவிட்டதென்றால், தைராய்டு, சர்க்கரை, கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி இந்த வருடம் பார்த்தாயிற்றா என்று ரத்தம் ஏற்றும் டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கூட்டமான வார்டில் அவருக்கு ஹீமோகுளோபினைப் பார்க்கவே நேரம் போதாமல் இருக்கலாம்; நீங்கள் கேட்டால் எழுதிவிடுவார். உயரத்தையும் எடையையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே அளந்து எழுதுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

அன்று அந்தக் காசிமேட்டு அம்மாவின் நோட்டில் என் மேஜையிலேயே ஸ்கேல் வைத்து மூன்று கோடு சேர்த்துப் போட்டோம்: உயரம், எடை, ஃபெரிட்டின். பையனைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்தேன். 138 சென்டிமீட்டர். பிறகு ஹார்மோன் டாக்டரைப் பார்த்தார்கள். டெஸ்டில் மேஸ்திரியின் குரலும் இல்லை, டி ஒன்பது. மருந்து தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. இப்போது நோட்டில் 141 என்று இருக்கிறது. போன முறை வந்தபோது, செருப்பு கடிக்கிறது என்று அவனே காலைக் காட்டினான்.